பிளவா, கண்ணாடியா, கட்டைவிரலா? பழைய அசைவூட்டக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

12 படங்களை ஒரு வட்டத் தட்டில் வரைந்து வேகமாகச் சுற்றினால் அசைவு தெரியாது. கோடுகள் இழுபட்டு, நிறங்கள் கலந்து, ஒரு மங்கலான வளையம்தான் தெரியும். ஒரு படம் கணநேரம் அசையாமல் தெரிந்து மறைய வேண்டும். அடுத்த படம் அதே இடத்தில் வந்து தெரிய வேண்டும். அது நகர்ந்து வருவது மட்டும் கண்ணில் படக்கூடாது. 19ஆம் நூற்றாண்டில் வந்த அசைவூட்டக் கருவிகள் எல்லாம் மல்லுக்கட்டியது இந்த ஒரே சிக்கலோடுதான்.

சினிமா வரலாற்றைச் சொல்பவர்கள் இந்தக் கருவிகளை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தி, பின்னால் வந்தது முன்னால் வந்ததைவிட மேல் என்கிற மாதிரி எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒவ்வொரு கருவியும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. வரைகிறவர் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதைப் பொறுத்துத்தான் எது நல்லது என்று சொல்ல முடியும். இன்றைய கலைஞர்கள் பலர் வரிசையின் கடைசிக் கருவியை விட்டுவிட்டு முதல் சிலவற்றுக்குத் திரும்பிப் போயிருப்பதற்கும் இதுதான் காரணம்.

இங்கே நான் ஒப்பிடுவது நான்கை: பீனாகிஸ்டோஸ்கோப் என்ற தட்டு, ஸோயிட்ரோப் என்ற உருளை, ப்ராக்ஸினோஸ்கோப் என்ற கண்ணாடி உருளை, ஃப்ளிப் புக் என்ற புரட்டும் புத்தகம். அட்டையின் ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் கூண்டு வரைந்து, நூலை முறுக்கிச் சுழலவிடும் தாமட்ரோப்பை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. 1820களில் லண்டனில் அது பரவியபோது பெரிய வியப்புதான். ஆனால் அதில் இரண்டு படங்கள் ஒன்றாகக் கலக்கின்றன, அவ்வளவே, எதுவும் அசைவதில்லை. பார்த்த பிம்பம் கண்ணில் சற்று நேரம் தங்குவதால்தான் சினிமா ஓடுகிறது என்ற பழைய விளக்கம் தாமட்ரோப்புக்குப் பொருந்தும், அசையும் படத்துக்குப் பொருந்தாது. முந்தைய பிம்பம் தங்கிக்கொண்டே இருந்தால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து போகும். இரண்டு நிலைகளுக்கு இடையே அசைவு இருப்பதாக மூளைதான் கணித்துக்கொள்கிறது.

சரி, தட்டுக்கு வருவோம். 1832 முடிந்து 1833 பிறக்கிற அந்தச் சில மாதங்களில், பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோவும் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ப்ஃபரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கிட்டத்தட்ட ஒரே கருவியைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் பீனாகிஸ்டோஸ்கோப். அட்டைத் தட்டின் விளிம்பில் மெல்லிய பிளவுகள், அவற்றுக்குக் கீழே வட்டமாகப் படங்கள். படம் உள்ள பக்கம் நிலைக்கண்ணாடியை நோக்கி இருக்க, தட்டைச் சுற்றிவிட்டு பிளவுகள் வழியே கண்ணாடியைப் பார்க்க வேண்டும். பிளாட்டோவின் முதல் தட்டில் 16 நிலைகளில் சுழன்றாடும் ஒரு நடனக்காரர் இருந்தார்.

பிளவு செய்கிற வேலை எளிது: கண்ணுக்கும் படத்துக்கும் நடுவே இமைபோலத் திறந்து மூடுகிறது. அதற்கு விலை வெளிச்சம். இரண்டு பிளவுகளுக்கு இடையே 30 மில்லிமீட்டர், பிளவின் அகலம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்கு நேரம்தான் கண்ணுக்கு ஒளி கிடைக்கும், மீதி நேரம் இருட்டு. பிளவை அகலமாக்கினால் வெளிச்சம் கூடும், கோடு கலங்கும். குறுக்கினால் கோடு கூர்மையாகும், படம் மங்கும். பிளவை நம்பிய எந்தக் கருவியும் இந்த இழுபறியிலிருந்து தப்பவில்லை. அப்புறம், ஒரு நேரத்தில் ஒருவர்தான் வசதியாகப் பார்க்க முடியும் என்பதும் தட்டின் குறை.

ஆனாலும் இந்த நான்கு கருவிகளில் என் மனம் சாய்வது தட்டின் பக்கம்தான். 12 பிளவுகள் உள்ள தட்டில் சம இடைவெளியில் 12 உருவங்கள் வரைந்தால், ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே குதிக்கும். அதே தட்டில் 13 உருவங்கள் வரைந்து பாருங்கள். பிளவுக்குப் பிளவு தட்டு 30 பாகை திரும்புகிறது. உருவங்களுக்கு இடையே இருப்பதோ 28 பாகைக்கும் குறைவு. அதனால் ஒவ்வொரு முறையும் அடுத்த உருவம் இரண்டு பாகைக்குச் சற்றுக் கூடுதலாக முன்னே வந்து நிற்கும். மொத்தக் கூட்டமும் தட்டு சுழலும் திசையில் ஊர்ந்து போவதாகத் தெரியும். 11 வரைந்தால் எதிர்த் திசையில் ஊரும். வெளிவட்டத்தில் 13, நடுவட்டத்தில் 12, உள்வட்டத்தில் 11 என்று வைத்தால் ஒரே தட்டில் மூன்று விதமான போக்குவரத்து கிடைத்துவிடும். உருவத்தைப் படத்துக்குப் படம் மையத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வரைந்துகொண்டே போனால், நடுவில் பிறந்து விளிம்பில் விழுவதுபோல ஓயாத ஓட்டம் உண்டாகும். ஒரு எண்ணை மாற்றினால் அசைவின் குணமே மாறிவிடுகிறது. இந்தச் சுதந்திரத்தைப் பின்னால் வந்த கருவிகள் எதுவும் இவ்வளவு தாராளமாகத் தரவில்லை.

ஸோயிட்ரோப் அதே பிளவுத் தத்துவத்தை உருளைக்கு மாற்றியது. பிரிட்டன் கணிதவியலாளர் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் 1834இலேயே இதை விவரித்துவிட்டார். ஆனால் 1867இல் வில்லியம் லிங்கன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, மில்டன் பிராட்லி நிறுவனம் அதை விற்க ஆரம்பித்த பிறகுதான் வீடுகளுக்குள் நுழைந்தது. லிங்கன் பிளவுகளைப் படங்களுக்கு மேலே உயர்த்தி வைத்தார். அந்தச் சின்ன மாற்றத்தால் படங்கள் அச்சிட்ட காகிதப் பட்டையை உருளைக்குள் போட்டு எடுத்து மாற்ற முடிந்தது. கருவியை ஒருமுறை வாங்கினால் போதும், கதைகளைத் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். நிலைக்கண்ணாடியும் தேவையில்லை. உருளையைச் சுற்றி நின்று பலர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். நாலு பேர் கூடிப் பார்க்க வேண்டுமென்றால் தட்டைவிட ஸோயிட்ரோப்தான் மேல், அதில் சந்தேகமே இல்லை.

அதன் குறையை வரைந்து பார்க்கிறவர்தான் முதலில் கவனிப்பார். முன்பக்கத்துப் பிளவு இடது பக்கம் ஓடும்போது எதிர்ப்பக்கத்துப் படம் வலது பக்கம் ஓடுகிறது. எதிரும் புதிருமாக ஓடுவதால், பிளவு ஒரு படத்தை அதன் உண்மையான அகலத்தைவிடக் குறைந்த தூரத்திலேயே கடந்துவிடுகிறது. விளைவு, எல்லாம் ஒல்லியாகத் தெரியும். வட்டமாக வரைந்த பந்து முட்டை வடிவில் நிமிர்ந்து நிற்கும். அது வட்டமாகத் தெரிய வேண்டுமானால் பட்டையில் படுத்த முட்டையாக வரைய வேண்டும். புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1879இல் தன் ஸூப்ராக்ஸிஸ்கோப்பில் படங்களைத் திரையில் காட்டியபோதும் இதே தொல்லைதான். எதிர்த் திசையில் சுழலும் பிளவுத் தட்டு உருவங்களைச் சுருக்கியதால், குதிரை புகைப்படங்களைப் பார்த்து வரைந்த உருவங்களைக் கண்ணாடித் தட்டில் நீட்டித் தீட்ட வேண்டியிருந்தது. அந்தத் தட்டுகளைச் சுழற்றாமல் பார்த்தால் குதிரைகள் விநோதமாக இழுபட்டுக் கிடக்கும்.

உருளையை நேராக்கி நீட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு அருமையான பதில் இருக்கிறது. பில் பிராண்ட் என்ற கலைஞர் 1980இல் புரூக்ளினில் கைவிடப்பட்ட மிர்ட்டில் அவென்யூ சுரங்க ரயில் நிலையத்தில், கையால் தீட்டிய 228 பலகைகளை வரிசையாக நிறுத்தி, முன்னால் பிளவுகள் கொண்ட சுவர் ஒன்றை எழுப்பினார். இங்கே படங்கள் நிற்கின்றன, பார்வையாளர்தான் ரயிலில் ஓடுகிறார். படைப்பின் பெயர் மாஸ்டிரான்ஸிஸ்கோப். 2008இல் அதைச் சீரமைத்தார்கள். ஸோயிட்ரோப்பைப் பற்றி எழுதப்பட்ட பல பக்கங்களைவிட இந்த ஒரு சுவர் அதன் தத்துவத்தை நன்றாகச் சொல்கிறது என்பேன்.

இனி எமில் ரேனோ. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் இவர்தான். 1877இல் அவர் பிரான்சில் காப்புரிமை பெற்ற ப்ராக்ஸினோஸ்கோப், பிளவையே தூக்கி எறிந்தது. உருளையின் உட்சுவரில் 12 படங்கள், நடுவே 12 சின்னக் கண்ணாடிகள். கண்ணாடிகள் மையத்துக்கும் சுவருக்கும் சரிபாதித் தூரத்தில் நிற்பதால், படத்தின் பிம்பம் கருவியின் நட்ட நடுவில் இருப்பதாகத் தோன்றும். சுழலும் ஒன்றில் நகராத இடம் மையம் மட்டும்தானே! படம் ஓடுகிறது, பிம்பம் நிற்கிறது. இருட்டு இடைவெளி இல்லை, வெளிச்சம் முழுசாகக் கிடைக்கிறது, உருவம் ஒல்லியாவதும் இல்லை. நிறங்களை உள்ளபடி பார்க்க வேண்டுமானால் நான்கு கருவிகளில் இதற்கு ஈடு கிடையாது.

ஆனால் 12 கண்ணாடி என்றால் 12 படம்தான். ஒவ்வொரு படமும் தன் கண்ணாடிக்கு எதிரே சரியாக நிற்க வேண்டும். எல்லையைத் தாண்டி நீண்டால் கண்ணாடி விளிம்பில் வெட்டுப்படும். தட்டில் எண்ணிக்கையோடு விளையாடிய அந்தச் சுதந்திரம் இங்கே பெருமளவு போய்விடுகிறது. தானே செய்து பார்க்க நினைப்பவருக்கும் இது எளிதல்ல. தட்டுக்கு அட்டையும் கத்தியும் போதும், இதற்கோ கண்ணாடிகள் ஒவ்வொன்றும் துல்லியமான கோணத்தில் உட்கார வேண்டும். ஒன்று லேசாகச் சாய்ந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் படம் அந்த இடத்தில் துள்ளும்.

12 படச் சிறையை ரேனோவே உடைத்தார். படங்களை, ஒவ்வொன்றுக்கும் இடையே துளையிட்ட நீண்ட பட்டையில் தீட்டி, ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்கு ஓடவிட்டு, விளக்கும் கண்ணாடிகளும் வைத்துத் திரையில் காட்டினார். பாரிஸில் கிரெவான் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் 1892 அக்டோபர் 28 அன்று அந்த ‘தியேட்டர் ஆப்டிக்’ தொடங்கியது. லூமியேர் சகோதரர்களின் முதல் கட்டணக் காட்சிக்கு அது மூன்று ஆண்டு முன்னால். ‘போவர் பியரோ’ என்ற அவருடைய படைப்பில் சுமார் 500 படங்கள், அத்தனையும் கையால் தீட்டியவை. ஓட்டுவதும் கையால்தான், தேவைப்பட்ட இடத்தில் நிறுத்தினார், பின்னோக்கி ஓட்டினார், மறுபடி முன்னே கொண்டுவந்தார். 1900 வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர் பார்த்தார்கள். கடைசியில் கேமராவில் பிடித்த படங்களோடு போட்டியிட முடியாமல், மனம் நொந்து, கருவியை உடைத்துப் பட்டைகளில் பெரும்பாலானவற்றை ஸேன் ஆற்றில் எறிந்துவிட்டார். தப்பிப் பிழைத்தவை இரண்டுதான். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

ஃப்ளிப் புக்கைப் பலரும் பிள்ளைகள் விளையாட்டாக ஒதுக்குகிறார்கள். 1868இல் பர்மிங்ஹாமில் ஜான் பார்ன்ஸ் லின்னட் காப்புரிமை பெற்ற இந்தச் சின்னப் புத்தகம், மற்ற மூன்றும் தொடாத ஒன்றைத் தொட்டது: அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. தட்டும் உருளையும் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வரும். புத்தகத்தில் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டால் போய்விட்டதுதான். வெளிச்சப் பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு தாளும் கட்டைவிரலிலிருந்து விடுபட்டு விழுந்து உண்மையாகவே ஒரு கணம் நிற்கிறது. வரைவதற்கு ஒரு வழி சொல்கிறேன்: கடைசித் தாளிலிருந்து ஆரம்பித்து முன்னோக்கி வாருங்கள். மேலே போடும் தாளின் வழியே கீழே உள்ள படம் தெரியும், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது கைக்குப் புரிந்துவிடும். தைத்த பக்கத்திலிருந்து தள்ளி வரையுங்கள். உட்பக்கத்தில் பாதிப் படம் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகும். குறை என்றால், வேகம் ஒவ்வொரு கைக்கும் மாறும், தாள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஹெர்மன் காஸ்லரின் மியூட்டோஸ்கோப் 1890களில் சுமார் 850 அட்டைகளைச் சக்கரத்தில் பொருத்திக் கைப்பிடியால் சுழற்றி அந்த வரம்பை நீட்டியது. அமெரிக்கக் கேலிச்சித்திரக் கலைஞர் வின்சர் மெக்கே தன் மகன் கொண்டுவந்த ஃப்ளிப் புக்குகளைப் பார்த்துத்தான் அசைவூட்டத்துக்கு வந்தார். 1911இல் அவர் முடித்த முதல் படத்துக்கு 4000 ஓவியங்கள்.

இன்றைய கலைக்கூடங்களில் அதிகம் கண்ணில் படுவது ஸோயிட்ரோப்தான், ஆனால் பிளவு இல்லாமல். இருட்டறையில் மேடை சுழல, விளக்கு சீராக வெட்டி வெட்டி எரியும். பிளவின் வேலையை ஒளியே செய்துவிடுவதால் படம் ஒல்லியாவதில்லை, அறை முழுக்க நின்று பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டையான படங்களுக்குப் பதில் சிலைகளையே வைக்கலாம். ஜப்பானில் மிட்டாக்கா நகரில், கிப்லி என்ற அசைவூட்டப் பட நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து ஈர்க்கப்பட்டுத்தான் அமெரிக்க அசைவூட்டப் பட நிறுவனமான பிக்ஸார் 2005இல் தன்னுடையதைச் செய்தது. மேட் காலிஷா என்ற கலைஞர் 2014இல் இத்தாலிய ஓவியர் ஸ்கார்செல்லாவின் குழந்தைப் படுகொலை ஓவியத்தைத் தழுவி, 300க்கு மேற்பட்ட உருவங்களோடு ‘ஆல் திங்ஸ் ஃபால்’ செய்தார். முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் வன்முறை அது. சுழன்று வந்த இடத்துக்கே வருவது ஸோயிட்ரோப்பின் குறை என்றேன் அல்லவா, அந்தக் குறையையே அவர் பொருளாக்கிவிட்டார். ஜான் எட்மார்க் சிலைக்குள்ளேயே எண்ணிக்கையைப் புதைக்கிறார்: ஒவ்வொரு இதழும் முந்தையதிலிருந்து 137.5 பாகை தள்ளி முளைக்கும். வெட்டொளியில் சுழற்றினால் பூ ஓயாமல் விரிந்துகொண்டே இருக்கும். நான் தட்டில் ரசித்த அதே விளையாட்டின் வாரிசு இது.

வெட்டொளிக்கும் விலை உண்டு. ஒளி துடிப்பதைப் பார்த்தால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த அறை ஆபத்தானது. இருட்டு இடைவெளியே இல்லாத ப்ராக்ஸினோஸ்கோப்பில் அந்தத் துடிப்பு இல்லை.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜிம் லெ ஃபெவர் போன்றவர்கள் ஃபோனோட்ரோப் என்ற பெயரில் செய்வது இதுதான்: இசைத்தட்டுச் சுழற்றியின்மேல் படத்தட்டை வைத்து, வெறும் கண்ணால் பார்க்காமல் வீடியோ கேமரா வழியே பார்ப்பது. கணக்கு மட்டும் சரியாக இருக்க வேண்டும். சுழற்றி நிமிடத்துக்கு 45 சுற்று, கேமரா நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் தட்டில் 40 படங்கள். 33⅓ சுற்றில் 54. கேமரா 25 ஃபிரேம் என்றால் 33⅓ சுற்றுக்கு 45. நல்ல வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தைக் கூட்டி வையுங்கள், இல்லையென்றால் கோடுகள் இழுபடும். கணக்கு சரியாக வந்த பிறகு, 40க்குப் பதில் 41 வரைந்து பாருங்கள்.