பில்லில் இருந்தது மூன்றே எழுத்து, படிக்காமல் விட்டதற்கு எனக்கு 91 ஆயிரம்

சிவிடி (பெல்ட்டும் புல்லியும் வைத்து வேகம் மாற்றும் ஒரு வகை ஆட்டோமேட்டிக்) கியர் பாக்ஸ் உள்ள கார் வைத்திருப்பவர்கள், அதிலும் வாரன்டி முடிந்து வெளி மெக்கானிக்கிடம் விட ஆரம்பித்திருப்பவர்கள், இதைக் கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள். நீளமாகத்தான் இருக்கும். இன்னும் கோபம் அடங்கவில்லை.

என் வண்டி 2016 ஹோண்டா சிட்டி, பெட்ரோல், சிவிடி. 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதுவரை கியர் பாக்ஸில் ஒரு சின்ன முனகல்கூடக் கிடையாது. கியர் ஆயில் ஒரு தடவை கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே மாற்றியது, அடுத்த முறைக்கு நேரம் வந்துவிட்டது, சர்வீஸ் சென்டரில் கேட்ட தொகை அதிகமாகத் தோன்றியது. சேலையூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் இங்கே வேண்டாம், விஷயம் நுகர்வோர் கமிஷனில் இருக்கிறது. பிரேக் பேட், ஏசி கேஸ், பேட்டரி என்று நான்கு வருடமாக அங்கேதான் விட்டுக்கொண்டிருந்தேன், ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த நம்பிக்கையில்தான் போனேன்.

ஓனரிடம் தெளிவாகவே கேட்டேன், "அண்ணே, இது சிவிடி, இதுக்குன்னு தனி ஆயில், உங்ககிட்ட இருக்கா?" என்று. "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒண்ணுதான் சார், நல்ல கம்பெனி ஆயிலாவே போட்டுடறேன், காலைல விடுங்க, மத்தியானம் எடுத்துக்கங்க" என்றார். அந்த "எல்லாம் ஒண்ணுதான்" என்ற இடத்திலேயே நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஆபீஸ் போய்விட்டேன்.

மத்தியானம் எடுத்தேன். 6,200 ரூபாய். கையால் எழுதிய ஒரு எஸ்டிமேட் சீட்டு, ஜிபேயில் பணம், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும்வரை வண்டி நன்றாகவே ஓடியது, இன்னும் மிருதுவாக ஓடுவதுபோலக்கூடத் தோன்றியது (செலவு செய்தவனுக்கு அப்படித்தானே தோன்றும்).

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலையில் சிக்னலில் நின்று எடுக்கும்போது ஒரு சின்ன நடுக்கம். இருபதிலிருந்து நாற்பது வேகத்துக்குள், ஆக்ஸிலரேட்டரை லேசாக வைத்திருந்தால் மட்டும், வரிவரியாகக் கோடு போட்ட ரோட்டில் போவதுபோல ஒரு டுர்ர்ர். ரோடுதான் அப்படி என்று நினைத்துக்கொண்டேன், தாம்பரம் பக்கம் ரோட்டைச் சந்தேகப்படுவதற்குக் காரணமா இல்லை! மனைவிதான் முதலில் சொன்னாள், "என்னங்க, வண்டி இழுத்து இழுத்துப் போகுது" என்று.

ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்தேன். "புது ஆயில் செட் ஆக ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடணும் சார்." சரி என்று ஓட்டினேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது, ஏனென்றால் அந்த ஐந்நூறு கிலோமீட்டரில்தான் முழுச் சேதமும் நடந்திருக்கிறது. ஆயில் "செட் ஆவது" என்று ஒன்று கிடையவே கிடையாது. மாற்றிய பிறகு புதிதாக நடுக்கம் வந்தால், தப்பான ஆயில், இல்லையென்றால் தப்பான அளவு, இந்த இரண்டில் ஒன்று என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலை போக வேண்டியிருந்தது, அம்மாவையும் அழைத்துக்கொண்டு. திண்டிவனம் வரை ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகம் என்பதால் பெரிதாகத் தெரியவில்லை. செஞ்சி தாண்டியதும் ஒரு லாரியை முந்துவதற்காக மிதித்தேன், எஞ்சின் ஐயாயிரம் சுற்றில் கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. எதிரே பஸ். எப்படியோ பிரேக் போட்டு லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கிவிட்டேன். அம்மா எதுவும் சொல்லவில்லை, முன் சீட்டைப் பிடித்த கையை மட்டும் திருவண்ணாமலை வரை எடுக்கவில்லை. திரும்பும்போது மீட்டரில் எச்சரிக்கை விளக்கும் எரிய ஆரம்பித்தது. மேல்மருவத்தூர் அருகே ஓரங்கட்டி, டோ வண்டி வரவழைத்து வீடு வந்து சேர்ந்தோம், அதற்கு 3,500.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பேச்சு மாறிவிட்டது. "உங்க கியர் பாக்ஸ் ஏற்கனவே போற நிலைமைல இருந்திருக்கு சார், புது ஆயில் போட்டதும் வெளிய தெரிஞ்சிருச்சு." இதை நிறையப் பேரிடம் சொல்வார்கள், அதனால் கொஞ்சம் நியாயமாகவே பார்ப்போம். வருடக்கணக்கில் ஆயிலே மாற்றாமல் ஓட்டிய பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில், கிளட்ச் தட்டுகள் தேய்ந்து, அந்தப் பொடி கலந்த அழுக்கு ஆயிலின் பிடிப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கும், புது ஆயில் போனதும் வழுக்க ஆரம்பிக்கும் என்று மெக்கானிக்குகள் சொல்வது முழுப் பொய்யில்லை. ஆனால் என் வண்டிக்கு ஏற்கனவே ஒரு தடவை சரியான ஆயில் மாற்றிய பில் இருக்கிறது. அதைக் காட்டியதும் அவர், "அப்ப சென்சார் பிராப்ளமா இருக்கும் சார்" என்றார். அதற்கு மேல் பேசிப் பயனில்லை.

தெரிந்தவர் சொல்லி, சென்னை பாடி ஏரியாவில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் "பில் இருக்கா?" என்றுதான் கேட்டார். பர்ஸிலிருந்து அந்தக் கசங்கிய சீட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார். "படிங்க சார்." ஏ.டி.எஃப், 5 லிட்டர். பத்து நாளாக என் பர்ஸிலேயே இருந்திருக்கிறது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் பல்சக்கரமும் கிளட்ச் தட்டும் இருக்கும், ஏ.டி.எஃப் என்பது அதற்குச் செய்த ஆயில். சிவிடியில் இரண்டு கூம்புப் புல்லி, நடுவில் நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளைக் கோத்த ஒரு பெல்ட். ஆயிலின் அழுத்தத்தால் புல்லி நெருங்கும், விலகும், அப்படித்தான் வேகம் மாறுகிறது. அதாவது இரும்பும் இரும்பும் உரசாமலும் இருக்க வேண்டும், வழுக்காமலும் இருக்க வேண்டும், இந்த இரண்டு வேலையையும் செய்கிற மாதிரிதான் சிவிடி ஆயிலைத் தயாரிக்கிறார்கள். வேறு ஆயில் போட்டால் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் புல்லியின் முகத்தில் கோடு விழும், உதிரும் இரும்புப் பொடி வால்வுகளுக்குள் போகும். ஹோண்டா இந்த கியர் பாக்ஸுக்குச் சொல்வது ஹெச்.சி.எஃப் 2 என்ற ஒன்றே ஒன்று, வேறு எதையும் கலக்காதே என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நிசானுக்கு என்.எஸ் 3, டொயோட்டாவுக்கு வேறு. ஒரு கம்பெனியின் சிவிடி ஆயிலை இன்னொன்றில் ஊற்றுவதும் கூடாது.

நம் ஊரில் இந்தக் குழப்பம் வருவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. கிளட்ச் பெடல் இல்லையென்றால் எல்லாமே "ஆட்டோமேட்டிக்" என்கிறோம். 2014இல் செலேரியோ வந்ததிலிருந்து தெருவில் பெருகிய ஏ.எம்.டி வண்டிகள் உள்ளே சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் போடும் வேலையையும் ஒரு எந்திரக் கை செய்கிறது, ஆயிலும் கிட்டத்தட்ட மேனுவல் வண்டிக்குப் போடுவதுதான். அதைப் பார்த்துப் பழகிய ஒர்க்‌ஷாப் ஆட்கள், சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கும் சிவிடிக்கும் வித்தியாசம் தெரியாமலே கையை வைக்கிறார்கள். தெரியாதது தப்பில்லை. தெரியும் என்று சொல்லி சாவியை வாங்கியதுதான் தப்பு.

ஆயிலை என் கண் முன்னால் வடித்தார். மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. நான் காசு கொடுத்தது 5 லிட்டருக்கு! மீதி எங்கே போனது என்று கேட்டால் அதற்கும் ஒரு சென்சார் காரணம் சொல்வார்களோ என்னவோ. ட்ரெயின் போல்ட்டில் உள்ள காந்தத்தில் கறுப்பு விழுதாக இரும்புப் பொடி, விரலில் தேய்த்தால் மினுமினுக்கிறது. கொஞ்சம் பொடி எப்போதும் இருக்குமாம், இது கொஞ்சம் இல்லை.

வடித்தால் முழு ஆயிலும் வந்துவிடாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. பாதி உள்ளேயே தங்கிவிடும், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில், ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடியில் (வடிகிற அளவுதான் மறுபடி ஊற்ற முடியும், அதனால் அந்த 5 லிட்டர் கணக்கு அப்போதும் இடிக்கிறது). ஒரு தடவை மாற்றினால் பழையது பாதி, இரண்டாவதில் கால், மூன்றாவதில் அரைக்கால். உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் நானே போய் சீல் உடைக்காத ஹெச்.சி.எஃப் 2 கேன்களை வாங்கிவந்து கொடுத்தேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி, மூன்று முறை செய்தார். கூலியோடு சேர்த்து 13,500. நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் அறுபதுக்கு மேல் ஒரு மெல்லிய ஊளைச் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை, நாளுக்கு நாள் கூடியது. கடைசியில் கழற்றிப் பார்த்தால் புல்லியின் முகத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். கம்பெனியில் முழு கியர் பாக்ஸாக மாற்ற இரண்டு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். இவர் பெல்ட்டும் புல்லியும் மட்டும் மாற்றி 74,000க்கு முடித்துக்கொடுத்தார். டோ வண்டியையும் சேர்த்தால் 91 ஆயிரம், முதலில் கொடுத்த 6,200 தனி. ஐந்து வாரம் வண்டி இல்லை, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவலாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் ஆயில் பெயர் இருக்கும் பக்கத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கேனை என் முன்னால்தான் உடைக்க வேண்டும், காலி கேனை நானே எடுத்துவருகிறேன். வடிந்தது எத்தனை லிட்டர், ஊற்றியது எத்தனை என்று பக்கத்தில் நின்று பார்க்கிறேன், அதிகமாக ஊற்றினால் நுரைத்துக்கொள்ளும், அதுவும் கெடுதல்தான். பில்லில் "கியர் ஆயில்" என்று மொட்டையாக எழுதினால் வாங்குவதில்லை, ஆயிலின் முழுப் பெயரும் கிலோமீட்டரும் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் உள்ள பில்லுக்குக் கூடுதலாகக் காசு ஆகும் என்று எஸ்டிமேட் சீட்டோடு வருபவன் நானும்தான், அந்த மிச்சம் இங்கே செலவாகிவிட்டது. நடுக்கம் வந்துவிட்டால் தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். ஒர்க்‌ஷாப்பில் தெரிந்தே கலப்படம் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அவர் தெரியாமல்தான் ஊற்றியிருப்பார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் தெரிந்த பிறகும் ஒரு "தப்பு நடந்துடுச்சு சார்" வரவில்லையே.

பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். பதிலுக்கு ஓனர் போன் செய்து, ஆயில் காசை மட்டும் திருப்பித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், அவர்கள் இரண்டு தரப்பையும் பேசவைக்க முயல்வார்கள், தீர்ப்புச் சொல்லமாட்டார்கள், எனக்கு அங்கே முடியவில்லை. அதனால் மாவட்ட நுகர்வோர் கமிஷன். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. நான் வக்கீல் நண்பர் ஒருவரை வைத்துக்கொண்டேன். அவர் முதலில் கேட்டது வடித்த ஆயிலைத்தான். நல்லவேளை, அந்த பாடி மெக்கானிக் முதல் தடவை வடித்ததில் ஒரு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டிக் கொடுத்திருந்தார். அந்த ஆளுக்கு இந்த மாதிரி கேஸ் பழக்கம்போல.

அடுத்த வாய்தா வரைக்கும் பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள் வைக்க மனைவி விடவில்லை, அதனால் சாக்கில் சுற்றி டிக்கியிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் ணங் என்று ஒரு சத்தம் வரும், அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள், நான் ரோட்டைப் பார்ப்பேன்.