துப்பாக்கித் தோட்டா நிரப்பும் வகுப்பு என்று 1,260 வெள்ளி வாங்கி ஏமாற்றிவிட்டார்கள், யாரும் கட்டாதீர்கள்

1,260 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டி இன்றோடு இருபத்து மூன்று நாள். பணமும் திரும்பவில்லை, வகுப்பும் நடக்கவில்லை. இன்று மதியம் வந்த கடைசிப் பதிலைப் படித்த கோபத்திலேயே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஈயக் குண்டா, செம்பு உறை போட்ட குண்டா, எதைப் பார்த்து வாங்குவது என்றும் கடைசியில் எழுதுகிறேன்.

என் தம்பி ஹூஸ்டனில் இருக்கிறான். அங்கே கைத்துப்பாக்கி சுடுகிறவர்களில் பலர் தோட்டாவைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்வார்கள், ரீலோடிங் என்பார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, புதுப் பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி) வைத்து, வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே ஒரு குண்டை அழுத்துவது. சொந்த உபயோகத்துக்கு என்றால் அமெரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. தம்பி இந்த வருடம்தான் ஆரம்பித்தான். ஈயக் குண்டு மலிவு, ஆனால் அதற்குப் பக்குவம் வேண்டும் என்று ஒவ்வொரு முறை பேசும்போதும் சொல்வான்.

எங்கள் அப்பா கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். பால்டின்னில் ஈயத்தை உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு வார்ப்பார். நானும் தம்பியும் பக்கத்தில் குந்தியிருப்போம், அம்மா புகை ஆகாது என்று கத்திக்கொண்டே இருப்பார். தம்பி வாயில் ஈயம் என்ற சொல் வந்தாலே எனக்கு அந்த அடுப்புதான் நினைவுக்கு வரும். அப்படி இருக்கும்போது, 'தமிழில் ரீலோடிங், நேரடி வகுப்பு, சனிக்கிழமை இரவு 9 மணி' என்று ஓர் இணைய வகுப்புத் தளத்தில் விளம்பரம் கண்ணில் பட்டது. இங்கே இரவு 9 என்றால் அவனுக்குக் காலை. ஆறு வாரம் தம்பியோடு ஒரே வகுப்பில் உட்காரலாம். தீபாவளிக்கு அவனுக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

உடனே கட்டிவிடவில்லை. பயிற்றுநரை அழைத்துப் பேசினேன். நாற்பது நிமிடம் பேசினார். பதினோரு வருடம் அமெரிக்காவில் இருந்ததாகச் சொன்னார். "அண்ணே, முதலில் தம்பி வைத்திருக்கும் துப்பாக்கி என்னவென்று சொல்லுங்கள், அது தெரியாமல் குண்டைப் பற்றிப் பேசவே கூடாது" என்றார். அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டேன். விஷயம் தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார் என்று நினைத்தேன். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி என்றேன். "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன், உங்கள் தம்பி எனக்கும் தம்பிதான்" என்றார். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைக் கடையில் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, அங்கேயே நின்று 1,260 வெள்ளியை அனுப்பினேன். கணக்கு தளத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டேன். "புதுக் கணக்கு இன்னும் திறக்கவில்லை அண்ணே" என்றார். நம்பினேன்.

ஆறு நேரடி வகுப்பு, அச்சிட்ட கையேடு, தம்பியின் துப்பாக்கிக்கென்று தனி ஆலோசனை. இவ்வளவும் தருவதாகச் சொன்னது. வந்தது மூன்று வீடியோ, மூன்றும் வேறு யாரோ ஆங்கிலத்தில் பேசியவை. கையேடு என்று பதினான்கு பக்கக் கோப்பு ஒன்று, அதில் ஒரு வாக்கியம்கூட ஒழுங்கான தமிழ் இல்லை. தனி ஆலோசனை என்று ஒரு குரல் பதிவு: "ஈயமே வாங்கச் சொல்லுங்க, மருந்து அளவு ஈயம், உறை ரெண்டுக்கும் ஒன்னுதான்."

அதைத் தம்பிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் வீடியோ அழைப்பு வந்தது. "அண்ணே, இதைக் கேட்டு ஒருத்தன் செய்தால் கை போய்விடும்" என்றான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ஈயம் மெத்தென்று இருப்பதால் குழலில் எளிதாக வழுக்கிப் போகும், குறைந்த மருந்தே போதும். செம்பு உறை கடினம், உராய்வு அதிகம். ஈயத்துக்கு எழுதிய குறைந்த அளவை உறைக் குண்டுக்குப் போட்டால் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். மாற்றிப் போட்டாலும் கெடுதல்தான். உறைக் குண்டுக்கான முழு அளவில் மெத்து ஈயத்தைத் தள்ளினால் அது குழலுக்குள் அப்பிக்கொள்ளும், குறி போகும், சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆகும். அதனால்தான் ஒழுங்கான கையேடுகளில் ஒவ்வொரு வகைக் குண்டுக்கும் தனி அட்டவணை போடுகிறார்கள்.

குண்டின் பருமனும் ஒன்றில்லை. 9 மில்லிமீட்டரில் உறை போட்டது 0.355 அங்குலம், ஈயம் வழக்கமாக 0.356. ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று நானும் கேட்டேன். ஈயம் குழலை இறுக்கமாக அடைக்காவிட்டால் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை உருக்கிவிடுமாம். தம்பியின் துப்பாக்கிக் குழலில் வழக்கமான வரிப்பள்ளம் (குண்டைச் சுழல வைக்கும் சுருள் கோடு) இல்லை, பலகோண வடிவில் வழுவழுப்பாக இருக்கும். அதில் உறையில்லாத ஈயத்தைச் சுட வேண்டாம் என்று தயாரித்த நிறுவனமே சொல்கிறது. என்ன துப்பாக்கி என்று அக்கறையாகக் கேட்ட அதே ஆள், அதே துப்பாக்கிக்கு ஈயம் வாங்கச் சொல்லியிருக்கிறார். என் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள்.

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல். பயிற்றுநருக்கு எழுதினேன், நீல டிக் வந்தது, பதில் இல்லை. மூன்றாம் நாள் "அவுட்ஸ்டேஷனில் இருக்கிறேன் அண்ணே" என்றார். தளத்துக்கு எழுதினேன். பயிற்றுநர் எங்கள் ஊழியர் இல்லை, அவரிடமே கேளுங்கள் என்றார்கள். அவரிடம் கேட்டால் பணம் தளத்திடம் இருக்கிறது என்கிறார். யார் பெயரில் கட்டினேன் என்று காட்ட ரசீதைப் படம் பிடித்துத் தளத்துக்கு அனுப்பினேன். பதினான்கு வேலை நாள் பொறுங்கள் என்றார்கள், பொறுத்தேன். பிறகு ஒரு பெண் அழைத்து, "அங்கிள், நீங்கள் வீடியோவைத் திறந்து பார்த்துவிட்டீர்கள், அதனால் பணம் திரும்பக் கிடைக்காது" என்றார். திறக்காமல் அது என்ன வீடியோ என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த வகுப்புக்கு 100 வெள்ளி கழிவு தருகிறார்களாம். நான் தளத்தில் எழுதிய கருத்தையும் நீக்கிவிட்டார்கள். இன்று மதியம் வந்தது ஒரே வரி: உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.

1,260 வெள்ளி எனக்கு இரண்டு மாத ஓவர்டைம். அதை விடுங்கள். அந்த விளம்பரத்தில் 'வீட்டிலேயே பழகும் செட், தபாலில்' என்றும் ஒரு வரி இருந்தது. அப்போது கவனிக்காமல் விட்டேன். மலேசியாவில் உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை போகலாம். விவரம் தெரியாத நம் பையன் யாராவது ஆசைப்பட்டு அதை வரவழைத்து, உள்ளே ஒரு தோட்டா இருந்துவிட்டால், அவன் வீட்டு வாசலில்தான் போலீஸ் நிற்கும். இங்கே இருப்பவர்கள் அந்த செட் பக்கமே போகாதீர்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது எனக்கு நிதானம் இல்லை. வெளிநாட்டில் சட்டப்படி செய்கிற உறவுக்காரர்கள் இருந்தால் இதை மட்டும் சொல்லுங்கள்: துப்பாக்கியோடு வந்த கையேட்டை முதலில் படிக்கட்டும், ஈயத்தின் அட்டவணையை உறைக் குண்டுக்கு எடுக்க வேண்டாம், ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம். பணம் கட்டுகிறவர்களுக்கு: நிறுவனத்தின் பெயர் ஒன்று, கணக்கின் பெயர் வேறு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். போலீசாரின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டி, அதன்மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். மோசடி என்று தெரிந்த உடனே தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள், என்னைப் போல் இருபது நாள் பொறுக்காதீர்கள்.

திங்கட்கிழமை லீவு எடுத்துப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். இதே வகுப்புக்குக் கட்டியவர்கள் இருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாமல் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம். 1,260 வெள்ளி ரசீதும் அந்தக் குரல் பதிவும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.