இடைவெளி ஆண்டில் ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ்.: என் அனுபவம்

பிளஸ் டூ முடித்த வருடம் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. கவுன்சலிங்குக்குப் போகவில்லை, ஒரு வருடம் நின்றுவிட்டேன். விருதுநகரில் பெரியப்பாவின் மளிகைக் கடையில் பகலெல்லாம் பில் போடுவேன். விடியற்காலையும் இரவும் ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் (தரவு அறிவியல்) பி.எஸ். பட்டப் படிப்பு. இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணிதம் படிக்கிறேன். அந்தப் படிப்பும் கூடவே ஓடுகிறது. ‘ஒரு வருடம் சும்மா இருக்கணுமே, இதில் சேரலாமா அண்ணா?’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள்.

2020-ல் தொடங்கிய இந்தப் படிப்புக்கு ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ வேண்டாம். விண்ணப்பித்ததும் ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கம்ப்யூட்டேஷனல் திங்கிங் என்று நாலு வாரப் பாடம் வரும். வார அசைன்மென்ட்களில் போதிய மதிப்பெண் எடுத்தால் நாலு மணி நேரத் தகுதித் தேர்வு. விண்ணப்பக் கட்டணம் மட்டும் கட்டி, உண்மையான பாடத்தையே பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே முயன்று பார்க்கச் சொல்வேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கம்ப்யூட்டேஷனல் திங்கிங். கம்ப்யூட்டரையே தொடாமல் அட்டைகளை வைத்துப் பாடம் நடக்கும். மாணவர்களின் மார்க் ஒரு கட்டு, கடை பில்கள் ஒரு கட்டு, ஒரு பத்தியின் சொற்கள் ஒரு கட்டு. ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார், வேண்டியதைக் குறித்துக்கொள், அடுத்த கட்டில் வை. இதையே படிப்படியாக எழுதப் பழக்குவார்கள். நான் கடையில் சாயங்காலம் பில் கட்டை எடுத்து, அன்றைக்கு அதிகத் தொகைக்கு வாங்கியவர் யார் என்று அதே முறையில் தேடுவேன். முதல் பில்லின் தொகையை வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரியது வந்தால் மாற்றிக்கொண்டே போக வேண்டும். பிறகு பைத்தான் என்ற கணினி மொழி வந்தபோது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ‘லூப்’ எனக்குப் புதிதாகவே தெரியவில்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் மாதம் கஷ்டம்தான். கணிதம் புரியும், கேள்வியின் ஆங்கிலம் புரியாது. சப்டைட்டிலைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஒரே வீடியோவை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம் என்பார்கள். நம்மைப் போன்றவர்கள் கூடுதலாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் முதல் டெர்மில், அதாவது முதல் நாலு மாதப் பருவத்தில், இரண்டு பாடம் போதும். படிப்பின் முதல் கட்டமான அடிப்படை நிலையில் ஆங்கிலமும் ஒரு பாடமாகவே இருப்பது பெரிய உதவி.

வீட்டில் இருக்கும் வருடத்தில் நாள் எப்படிப் போகிறதென்றே தெரியாது. எனக்கு அந்த வருடத்தைக் கட்டிக் காத்தது வாரக் கெடுவும் நேரில் எழுதும் தேர்வுகளும்தான். ஒவ்வொரு டெர்மிலும் குவிஸ் இருக்கும், இறுதித் தேர்வு இருக்கும். மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மதுரைக்குப் பஸ் ஏறினால், மையத்தில் வேலைக்குப் போகிற அக்காக்கள், ஓய்வு பெற்றவர்கள், என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். ‘நம் வகுப்பில் எல்லோரும் காலேஜ் போய்விட்டார்களே’ என்ற வருத்தம் அங்கேதான் எனக்குக் குறைந்தது.

நான் சேர்ந்தபோது அடிப்படை நிலையில் ஒரு பாடத்துக்கு 4,000 ரூபாய், எட்டுப் பாடத்துக்கும் சேர்த்து 32,000. குடும்ப வருமானம், சாதிப் பிரிவைப் பொறுத்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கிற பாடத்துக்கு மட்டும் டெர்ம்வாரியாகக் கட்டுவதால் வீட்டில் சமாளிக்க முடிந்தது.

நீட்டுக்கு மறுபடி தயாராகிறவர்கள் தயவுசெய்து இதை ஓரமாகச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டுமே முழு உழைப்பைக் கேட்கும். மற்றவர்களுக்குத் தயக்கமில்லாமல் சொல்வேன். கல்லூரியில் சேர்ந்தபின் விட்டுவிடவும் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி தந்துவிட்டது. பட்டத்தை முடிக்க 8 ஆண்டு வரை அவகாசமும் இருக்கிறது. நான் இப்போது டெர்முக்கு ஒரு பாடம்தான் எடுக்கிறேன்.

ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று டெர்ம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் விண்ணப்பித்து செப்டம்பரில் தொடங்கப் பாருங்கள். அடுத்த கல்லூரி அட்மிஷன் முடிவதற்குள் மூன்று டெர்ம் கிடைக்கும், அடிப்படை நிலையின் எட்டுப் பாடத்தையும் முடித்துவிடலாம்.