சபையில் ட்ராக் ஓட்ட எந்த சாஃப்ட்வேர்? நான் ரீப்பர் பக்கம்

பேக்கிங் ட்ராக், அதாவது முன்பே பதிவு செய்த வாத்திய இசை, வைத்துப் பாடும் சிறிய தமிழ்ச் சபைக்கு எது நல்லது என்று கேட்டால், நான் ரீப்பர் என்ற இசைப்பதிவு சாஃப்ட்வேரைத்தான் சொல்வேன். மேடைக்கு என்றே செய்யப்பட்டது ஏபிள்டன் லைவ்தான், அதில் சந்தேகம் இல்லை. இருந்தாலும் எங்களைப் போன்ற இடத்துக்கு ரீப்பர்.

ஏற்காட்டில் ஒரு சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். லேப்டாப்பும் என் பொறுப்பு. வீடு கீழே சேலம் அஸ்தம்பட்டியில். ஞாயிறு காலை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனால், டிரம்ஸ் வாசிக்கும் தம்பி, தபேலா அண்ணன், பாடுவதற்கு நாலைந்து பேர். பேஸ் கிட்டார் கிடையாது, ஸ்ட்ரிங்ஸ் கிடையாது. அந்த இடத்தைத்தான் ட்ராக் நிரப்புகிறது.

நம் ஆராதனையில் பாட்டு எழுதி வைத்த வரிசைப்படி போகாது. அறுப்பின் பண்டிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். காப்பிக்கொட்டை, மிளகு, வாழைத்தார், கோழி என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்கு வருவார்கள். வரிசையின் கடைசியில் தடியூன்றி வரும் பாட்டி வந்து சேரும்வரை காணிக்கைப் பாட்டு ஓட வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பல்லவியைத் தாளம் தப்பாமல் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும், பாட்டி வந்ததும் கடைசிச் சரணத்துக்குத் தாவ வேண்டும். எந்த சாஃப்ட்வேரையும் நான் இந்த ஒரு சோதனையில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

ரீப்பரில் பல்லவி, சரணம் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு மார்க்கர் வைத்துவிட்டால், விசைப்பலகையில் 1, 2, 3 என்று அழுத்தினாலே அந்தந்த இடத்துக்குப் போகும். ஆனால் அழுத்திய நொடியிலேயே குதித்துவிடும், தாளம் உடையும். அதற்கு செட்டிங்ஸில் ஸ்மூத் சீக் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்து, நடக்கும் பகுதி முடிந்த பிறகு போ என்று வைத்துவிட்டால், நீங்கள் முன்கூட்டியே 3 அழுத்தினாலும் பல்லவி முழுதாக முடிந்துதான் சரணம் தொடங்கும். டிரம்ஸ் தம்பிக்குக் காதில் கேட்கும் கிளிக், அதாவது தாளம் எண்ணும் 'டிக் டிக்' ஒலி, ஒரு அடிகூடப் பிசகாது. வாங்கியவுடன் இது ஆஃபில்தான் இருக்கும், தேடி ஆன் செய்யுங்கள்.

அப்புறம் ஸ்கேல். பாடுகிற அக்கா வரவில்லை என்றால் அண்ணன் பாடுவார், பாட்டு இரண்டு ஸ்கேல் இறங்கும். ட்ராக்குகள் தனித்தனியாக இருந்தால் பேஸையும் ஸ்ட்ரிங்ஸையும் மட்டும் இறக்கலாம். டிரம்ஸையும் பெர்குஷனையும் தொடவே கூடாது, தொட்டால் தோல் தளர்ந்த மாதிரி கேட்கும்.

காதில் வரும் குறிப்புக் குரலையும் நாங்களே தமிழில் பதிவு செய்துகொண்டோம். "சரணம் ரெண்டு... ரெண்டு, மூணு, நாலு" என்று எங்கள் சபைப் பெண் ஒருத்தியின் குரல். புதிதாக வருகிறவர்கூட தடுமாறுவதில்லை.

ஏபிள்டனில் இதெல்லாம் இன்னும் சுலபம். தாளத்தோடு தாவுவது அதன் பிறவிக் குணம், பாடும்போதே வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் அதற்கு ஈடில்லை. இன்ட்ரோ பதிப்பின் 16 ட்ராக்குகள் சபைக்குத் தாராளம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு செட்தான் (அதன் ப்ராஜெக்ட் ஃபைல்) திறக்கும், எல்லாப் பாட்டையும் அதற்குள்ளேயே அடுக்க வேண்டும். போதகர் பிரசங்கம் முடித்து வேறு பாட்டுச் சொன்னால் ரீப்பரில் அதை இன்னொரு டேபில் (tab) திறந்துவிடுகிறேன். பணமும் கற்றுக்கொள்ள ஆளும் இருக்கிற டவுன் சபைகள் ஏபிள்டனே வாங்கலாம்.

மல்டிட்ராக்ஸ் நிறுவனத்தின் பிளேபேக் ஆப் ஐபேடில் மிக அழகாக ஓடும். அதன் பலம் அவர்கள் விற்கும் ஆங்கிலப் பாடல்களில் இருக்கிறது, நாம் பாடுவதோ கீர்த்தனை. முழு வசதிக்கு மாதச் சந்தா வேறு. மேடையில் வாசிக்க ஆப்பிள் தரும் மெயின்ஸ்டேஜ் சாஃப்ட்வேர் ஆப்பிள் கணினியில் மட்டும்தான், எங்களிடம் இருப்பது பழைய விண்டோஸ் லேப்டாப். மலைமேல் சிக்னலையும் நம்ப முடியாது. ஒரு ஆப் ஆராதனை தொடங்கும் நேரத்தில் லாகின் கேட்டு நின்றதிலிருந்து, இணையம் இல்லாமல் ஓடாத எதையும் நான் எடுத்துப் போவதில்லை. ரீப்பர் ஓட இணையம் வேண்டாம், அதன் இன்ஸ்டாலரே 20 எம்பிக்குள் அடங்கிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. திரை முழுக்கப் பொடிப்பொடி பட்டன். முதல் தடவை பார்க்கும் வாலிபர்கள் மிரண்டுவிடுகிறார்கள். ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு எண்களை அழுத்தத் தெரிந்தால் போதும்.

60 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் நிற்காமல் ஓடும் என்பதற்காக ஓசியில் ஓட்டாதீர்கள், பீடத்தின் பக்கத்தில் வைத்து ஓட்டுகிற பொருள். லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு 60 டாலர் லைசன்ஸ் உண்டு, சபைக்கு அதுவே செல்லும்.

கூடவே, கிளிக் காதுக்கும் ட்ராக் ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகப் போக, நான்கு அவுட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்பின் ஒலியை வெளியே எடுக்கும் பெட்டி) ஒன்று வாங்குங்கள். யூஎஸ்பியிலேயே கரன்ட் எடுப்பதாக இருந்தால் மழை நாளில் கரன்ட் போய் வரும்போது லேப்டாப் பேட்டரியிலேயே தாக்குப்பிடிக்கும். பஃபரை (ஒலி தடைபடாமல் இருக்க முன்கூட்டியே சேர்த்து வைக்கும் அளவு) 512க்கு மேல் வையுங்கள், நாம் அதன் வழியாக வாசிப்பதில்லை, தாமதம் பிரச்சினையே இல்லை. இன்டர்ஃபேஸ் வாங்கும்வரை கிளிக்கை இடதுபக்கமும் ட்ராக்கை வலதுபக்கமும் தள்ளி ஒரே ஃபைலாக ரெண்டர் செய்து போனில் போட்டுக்கொள்ளலாம். அதில் பாட்டுக்கு நடுவே தாவ முடியாது. மற்றபடி ஒரு ஞாயிறைச் சமாளித்துவிடலாம்.