பெங்களூரு ஸ்டுடியோவா, பாளையங்கோட்டை மாடி ரூமா?

பாளையங்கோட்டை, பேட்டை, தென்காசிப் பக்கம் என்று எங்கே போனாலும் இப்போது பிளெண்டர் (3D உருவங்கள் செய்யும் இலவச மென்பொருள்) தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ இருக்கிறார்கள். கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, கேம் வேலைக்குப் பெங்களூருக்குக் கெளம்பவா, இல்ல ஊர்லயே இருந்து சொந்தமா ஒண்ணு பண்ணவா?" நடுவில் மூன்றாவது வழியும் உண்டு, பகலில் ஊருக்குப் பக்கத்தில் சாஃப்ட்வேர் வேலை, ராத்திரியில் கேம். சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பதில் சட்டென்று வந்துவிடும், ஆனால் 2023க்குப் பிறகு அந்தக் கணக்கு செல்லாது. எனக்கு அளவுகோல் வேறு: நாளைக்கே கம்பெனியை மூடிவிட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்?

முதலில் ஸ்டுடியோ. பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் 1997இலேயே தொடங்கிவிட்டது, வெளிநாட்டு கேம்களுக்குக் கார், கட்டடம் என்று செய்து கொடுத்தே வளர்ந்தது, 2019இல் ஜிடிஏ கேமை உருவாக்கிய ராக்ஸ்டார் அதை வாங்கித் தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக்கொண்டது. புனேயில் யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு கேம் கம்பெனி 2008 முதல் இருக்கிறது. இந்த மாதிரி இடத்தில் சேர்ந்ததும் ஹீரோவைச் செய்யச் சொல்ல மாட்டார்கள், பீப்பாய், பாறை, கதவு, தெருவிளக்குதான் வரும். எத்தனை பாலிகனுக்குள் (3D உருவம் இந்தச் சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகளால் ஆனது) அடங்க வேண்டும், தூரத்தில் தெரியும்போது எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதெல்லாம் வேலை கொடுப்பவரிடமிருந்தே எழுதி வந்துவிடும், உங்கள் சொந்த ரசனைக்கு இடம் கம்மி. அதற்காக இதைக் கூலி வேலை என்று கிண்டல் பண்ணுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரே பாறையைத் திரும்பத் திரும்ப அனுப்பி, எங்கே சரியில்லை என்று ஒரு சீனியர் கோடு போட்டுக் காட்டுவது யூடியூபில் கிடைக்காது. ஒரே ப்ராஜெக்டில் நூறு பேர் கை வைக்கும்போது யாருடைய வேலையும் அழியாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதும் வீட்டில் தனியாக உட்கார்ந்து வருகிற பழக்கம் இல்லை.

சரி, மூடினால் என்ன மிஞ்சும்? இங்கேதான் சிக்கல். சேரும்போதே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், கேம் வெளிவரும்வரை நீங்கள் செய்த கதவைக்கூட வெளியே காட்ட முடியாது. பெரிய கேம் என்றால் அது நாலைந்து வருடம் ஆகும், நடுவில் கேமையே கைவிட்டால் எப்போதுமே காட்ட முடியாமல் போகலாம். அனுபவம் இரண்டு வருடம் என்று இருக்கும், போர்ட்ஃபோலியோவில் இருப்பதோ காலேஜ் ப்ராஜெக்ட். வேலை நிலைக்குமா என்றால், ஃபோர்ட்நைட் கேமின் எபிக் கம்பெனி 2023 செப்டம்பரில் சுமார் 830 பேரை வேலையை விட்டு அனுப்பியது, மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரியில் கேம் பிரிவில் 1,900 பேரை, அடுத்த மாதமே பிளேஸ்டேஷன் சுமார் 900 பேரை. அமெரிக்காவில்தானே என்று சும்மா இருக்க முடியாது, அங்கே ஒரு கேமை நிறுத்தினால் அதற்குப் பாறை செய்யும் ஆர்டர் இங்கேயும் நிற்கும். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் படம், அனிமேஷன், கேம் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் திடீரென்று வேலையில்லாமல் நின்றார்கள். பணம் வைத்து ஆடும் ரம்மி கம்பெனிகள் நல்ல சம்பளம் கொடுத்தன என்பது உண்மைதான், 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது.

சொந்தமாகப் பண்ணுகிறேன் என்கிறவர்கள் உடனே ஸ்டார்டியூ வேலி என்ற கேமைச் சொல்வார்கள். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலரை வருடம் உட்கார்ந்து பண்ணி 2016இல் வெளியிட்டது. அந்த நாலரை வருடம் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை: அவர் பகுதி நேரமாக ஒரு தியேட்டரில் வேலை பார்த்தார், துணைவியும் சம்பாதித்தார். நம் நாட்டு ராஜி என்ற கேமை எடுங்கள், புனேக்காரர்கள் 2017இல் மக்களிடம் பணம் திரட்டப் பார்த்து அது தோற்று, பிறகு எப்படியோ 2020இல் கேமைக் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேம் போட 100 டாலர்தான், விற்றதில் 30 சதவீதம் அவர்களுக்கு. போடுவது சுலபம், ஆனால் 2024இல் மட்டும் அங்கே 18,000க்கும் மேல் புது கேம்கள் வந்தன, அந்தக் கூட்டத்தில் உங்களுடையதை யார் பார்ப்பது?

ஆனாலும் கற்பனைக்கு இதுதான் இடம், அதுவும் நம் ஊரில் கூடுதல் வசதி. வாடகை கிடையாது, வீட்டுச் சோறு. கிருஷ்ணாபுரம் கோவில் சிற்பம், தேரிக்காட்டுச் செம்மண், பத்தமடைப் பாயின் பின்னல் இதையெல்லாம் ஸ்டுடியோக்காரர் கூகுளில் தேட வேண்டும், நீங்கள் பஸ் ஏறினால் போதும், வெயில் சாயும் நேரத்தில் நின்று போட்டோ எடுத்து, மாடல் மேல் போர்த்தும் டெக்ஸ்சர் ஆக்கலாம். இப்படி ஒரு இடத்தில் இருந்துகொண்டு பனிமலைக் கோட்டையை மாடல் பண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கேமை உருவாக்கி ஓட வைக்கும் அடிப்படை மென்பொருளான இன்ஜின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: 2023 செப்டம்பரில் யூனிட்டி என்ற இன்ஜின் கம்பெனி, கேமை இன்ஸ்டால் பண்ணும் கணக்கில் காசு கேட்கப்போவதாக அறிவித்துப் பெரிய ரகளை ஆனது, ஒரு வருடம் கழித்துத்தான் அதைக் கைவிட்டார்கள். டூடி (2D) கேம் என்றால் நான் கோடோ என்ற இன்ஜினைத்தான் சொல்வேன், அது திறந்த மூலம், யாரும் நடுவில் வந்து விலை வைக்க முடியாது. பெங்களூரு போகும் எண்ணம் இருந்தால் அன்ரியல் இன்ஜினும் தெரிந்திருக்கட்டும்.

மூன்றாவது வழியை ஏனோ யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ 2011 முதல் இருக்கிறது, நெல்லையில் சின்னச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகளும் உண்டு. ப்ரோகிராமருக்கு இதுதான் சரி என்பது என் கட்சி. கேம் கம்பெனி எல்லாம் கவிழ்ந்தாலும் டேட்டாபேஸ் தெரிந்தவனுக்கு வேலை கிடைக்கும், ராத்திரி எழுதிய ப்ரோகிராமும் சொந்தமாக மிஞ்சும். மிஞ்சுமா என்பதைச் சேரும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்: எந்தக் கம்பெனியாக இருந்தாலும், வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்குவதெல்லாம் தங்களுக்கே என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கலாம். அதைப் படிக்காமல் கையெழுத்து போட்டால் மாடி ரூம் கேமும் அவர்களுடையது என்று ஆகிவிடும். கம்பெனி லேப்டாப்பில் கேம் வேலையைத் தொடவே வேண்டாம். இன்னொரு கஷ்டம், ஒன்பது மணிக்கு வீடு வந்து மறுபடி ஸ்கிரீன் முன்னால் உட்கார எல்லாராலும் முடியாது, முடியாதவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆர்ட்டிஸ்ட் என்றால் பேசாமல் நாகர்கோவில்–பெங்களூரு ரயிலில் ஏறுங்கள், இரண்டு மூன்று வருடம் பாறை செய்து கையைத் தேற்றிக்கொள்ளுங்கள், கூடவே ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே காட்டக்கூடிய சொந்த வேலை ஒன்று ஓடட்டும். ஏஐ வந்த பிறகு மேலோட்டமான ஸ்கெட்ச், ஐகான் வேலைகளை நம்பிப் போவது ஆபத்து, ஒரு மாடலை இன்ஜினுக்குள் ஒழுங்காக ஓட வைக்கத் தெரிந்தவருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

கதை எழுதுவேன், டிசைன் பண்ணுவேன் என்கிறவர்கள் நிலைமைதான் கஷ்டம், அனுபவம் இல்லாமல் அந்த வேலைக்கு எடுப்பது ரொம்ப அபூர்வம். பத்து நிமிடம் ஓடும் கேம் ஒன்றை முழுசாக முடித்து, சொந்தமாகக் கேம் செய்கிறவர்கள் போடும் இட்ச் (itch.io) தளத்தில் போடுங்கள், அங்கே கட்டணம் கிடையாது. முன்பின் தெரியாத நாலு பேரை விளையாட வைத்து, வாயைத் திறக்காமல் பின்னால் நின்று, எந்த இடத்தில் முழித்தார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு இன்டர்வியூவில் பேச அந்தக் குறிப்பு போதும்.