மூன்றரை வட்டிக்கு ஒரு கார்டு

சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் அச்சுக்கோப்பும் பிழைதிருத்தமும் என் வேலை. எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும். அன்று தொடங்கி மார்கழி வரை இரவு பகல் பார்க்க முடியாது. தை பிறந்தால் இயந்திரங்கள் ஓய்ந்துவிடும். சம்பளமும் அப்படித்தான்: பாதி ஆண்டு நிறையும், பாதி ஆண்டு வற்றும். நான் இங்கே மதிப்பிடும் இரண்டு கிரெடிட் கார்டுகளில் முதலாவது எப்படிப்பட்டது என்பதை அந்த வற்றிய மாதங்கள்தான் எனக்குக் காட்டின.

முதல் கார்டை 2022 தீபாவளிக்கு மதுரைக்குத் துணி எடுக்கப் போன இடத்தில் வாங்கினேன். ஜவுளிக்கடை வாசலில் ஒரு தனியார் வங்கியின் பெயரில் மேசை போட்டிருந்தார்கள். வங்கியின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குணங்கள் அந்த ஒரு வங்கிக்கு மட்டும் உரியவை அல்ல. "வாழ்நாள் முழுக்க ஆண்டுக் கட்டணமே கிடையாது மேடம்" என்றார் அங்கிருந்த இளைஞர். ஆதார், பான், ஓடிபி, பத்து நிமிடம், வேலை முடிந்தது. இரண்டே வாரத்தில் கார்டு வீட்டுக்கு வந்தது. வரம்பு 75,000 ரூபாய்.

கார்டோடு விதிமுறைத் தாளும் வந்தது. முக்கிய விதிமுறைகள் ஏரியல் எழுத்துருவில் குறைந்தது 12 பாயிண்ட் அளவில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எழுத்தின் அளவு பார்ப்பது என் பிழைப்பு. பிற்பாடு அந்தத் தாளை எடுத்து அளவுகோல் வைத்துப் பார்த்தேன். வட்டி விகிதம் இருந்த அட்டவணை 8 பாயிண்டில் இருந்தது. "வாழ்நாள் இலவசம்" என்ற வரி 36 பாயிண்டுக்கும் மேல்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் அந்தக் கார்டு எனக்கு நன்றாகவே உழைத்தது. துணிக்கும் பட்டாசுக்கும் தேய்த்த 9,400 ரூபாயைத் தவணைத் தேதிக்குள் முழுமையாகக் கட்டினேன். ஒரு பைசா வட்டி இல்லை. ஏறத்தாழ நாற்பத்தைந்து நாள் கைமாற்று வாங்கிய மாதிரி. பெட்ரோலுக்கான கூடுதல் கட்டணமும் திரும்பி வந்தது. முழுத் தொகையைக் கட்டும் வரை எந்தக் கார்டும் நல்ல கார்டுதான். கட்ட முடியாத மாதத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. ஆனால் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான்.

2023 ஜனவரியில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை. மதுரை மருத்துவமனையில் 40,000 ரூபாய் தேய்த்தேன். மருந்துக்கும் தங்கலுக்குமாக அதே கார்டைப் போட்டு ஏடிஎம்மில் 10,000 எடுத்தேன். இது பெரிய தவறு. கிரெடிட் கார்டில் பணமாக எடுத்தால் சலுகை நாள் கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அதற்கு மேல் 500 ரூபாய் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி. எனக்கு அது அப்போது தெரியாது.

பிப்ரவரியில் பில் வந்தது. மொத்தம் 50,000 சொச்சம். பக்கத்துக் கட்டத்தில் "கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை" 2,500. செயலியைத் திறந்தால் அந்த 2,500 ஏற்கெனவே தேர்வாகி இருந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தினேன். நன்றி சொன்னது. கடமையைச் செய்துவிட்ட நிம்மதியோடு தூங்கினேன்.

அந்த நிம்மதியின் விலையைப் பிறகு ஒரு ப்ரூஃப் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம். 50,000-க்கு 1,750 ரூபாய். வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 315. ஆக 2,065. நான் கட்டிய 2,500-இல் அசலுக்குப் போனது 435 ரூபாய். நாள்கணக்கில் சில ரூபாய் கூடலாம், குறையலாம், நிலைமை அதுதான். இப்படிக் கட்டிக்கொண்டே போனால் எத்தனை மாதம், எத்தனை ஆண்டு இழுக்கும் என்ற எச்சரிக்கை பில்லில் இருந்தாக வேண்டும். என் பில்லிலும் இருந்தது, இரண்டாம் பக்கத்தின் அடியில்.

எங்கள் பக்கத்தில் வட்டியைச் சதவீதத்தில் யாரும் பேச மாட்டார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. மூன்று ரூபாய் என்றால் மூன்று வட்டி. மூன்று வட்டிக்கு வாங்குகிறவனைப் பார்த்தால் தெருவே இரக்கப்படும். அந்த மேசையில் இருந்தவர் "மேடம், மூன்றரை வட்டிக்கு 75,000 தருகிறோம்" என்று தமிழில் சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். 3.5 என்ற எண் ஆங்கிலத் தாளில் சிறிய எழுத்தில் இருந்ததால் அது எனக்கு வட்டியாகவே தோன்றவில்லை. ஆண்டுக்கு 42 சதவீதம் அது. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே அந்த எண்ணை நாமேதான் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்றும் அப்போது எனக்குத் தெரியாது. பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் சலுகை நாள் கிடையாது. மார்ச்சில் தேய்த்த மளிகைக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி விழுந்தது. துவரம்பருப்பையும் மூன்றரை வட்டிக்கு வாங்கியிருக்கிறேன்.

மூன்று மாதம் குறைந்தபட்சத் தொகை கட்டினேன். மே மாதம் அச்சகத்தில் வேலை பாதியானது, ஜூனில் மகளின் பள்ளிக் கட்டணம். கட்டுவதை நிறுத்திவிட்டேன். அக்டோபர் பில் 71,000-ஐத் தொட்டது.

இனி வசூல் சேவையின் மதிப்பீடு. அதற்கு என் மதிப்பெண் பூஜ்யம். முதலில் வங்கியில் இருந்து மரியாதையாகப் பேசினார்கள். மூன்றாம் மாதத்தில் இருந்து வேறு குரல்கள். காலை ஏழரைக்கு ஒன்று, இரவு எட்டேகாலுக்கு ஒன்று. "போலீஸ் வீட்டுக்கு வரும்" என்றான் ஒருவன். அம்மா அதைக் கேட்டுவிட்டு அன்று சாப்பிடவில்லை. பிறகு அச்சகத்துக்கே போன் போனது. அச்சக முதலாளி அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா, எவனோ உன் பெயரைச் சொல்லிக் கண்டபடி பேசுகிறான், ஏதும் சிக்கலா?" என்று கேட்டார். அவர் அன்பாகத்தான் கேட்டார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வசூலிக்க வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. மிரட்டக் கூடாது; உறவினரிடமோ நண்பரிடமோ சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. கார்டு பாக்கி உரிமையியல் விவகாரம். வங்கி வழக்குப் போடலாம், மக்கள் நீதிமன்றத்துக்குக் கூப்பிடலாம். பணம் கட்ட இயலவில்லை என்ற ஒன்றுக்காக மட்டும் போலீஸ் வந்து கைது செய்யாது. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது, ஏனென்றால் எனக்கே தெரிய இரண்டு மாதம் ஆனது.

அழைப்புகளை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன்: தேதி, மணி, எண், பேசிய சொற்கள் அப்படியே. பதினோரு நாளில் இருபத்து மூன்று அழைப்புகள். பில்களையும் வரிசையாக வைத்து, ப்ரூஃப் பார்ப்பது போல வரிக்கு வரி பார்த்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தாமதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள். கட்டாத கட்டணங்களையும் வரியையும் அசலில் சேர்த்து வட்டி கணக்கிடக் கூடாது என்று 2022 அக்டோபர் முதல் விதி இருக்கிறது. இந்த இரண்டையும் எழுதி வங்கியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பினேன். முப்பது நாள் பதில் இல்லை.

முப்பது நாள் கழிந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. சிஎம்எஸ் என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம். என்னிடம் பேசிய பெண், எந்தத் தாளை எந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம் படிவம்தான். கைப்பேசியில் நிரப்புவது சிரமம். அச்சகக் கணினியில் உட்கார்ந்துதான் முடித்தேன்.

புகார் பதிவான இரண்டாம் வாரம் மிரட்டல் அழைப்புகள் நின்றன. வங்கியில் இருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். "மொத்தமாக 40,000 கட்டுங்கள், கணக்கை முடித்துவிடுகிறோம்" என்றார். 71,000 கடன் 40,000-இல் முடிகிறது என்றால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அப்படி முடித்தால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "முடிந்தது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். அடுத்த வங்கிக்கு அந்தச் சொல்லின் பொருள், இவர் முழுதாகக் கட்டவில்லை என்பது. மகளின் கல்லூரிக் கடனுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதனால் மறுத்தேன். வேறு வழியே இல்லாதவர் அதை ஏற்றால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல் எத்தனை ஆண்டு கூட வரும் என்று தெரிந்து ஏற்கட்டும்.

நான் கேட்டது தவணை. தாமதக் கட்டணங்களையும் புகாருக்குப் பிந்தைய வட்டியையும் கழித்து 64,800 என்று நிர்ணயித்தார்கள். ஒன்றரை வட்டி, பதினெட்டு மாதம், மாதம் 4,135 ரூபாய், வட்டிக்கு மட்டும் ஜிஎஸ்டி தனி. 2024 ஜனவரியில் தொடங்கி 2025 ஜூனில் முடித்தேன். வற்றிய மாதத் தவணைகளுக்காக, காலண்டர் பருவத்துக் கூடுதல் நேரச் சம்பளத்தைத் தொடாமல் வைத்தேன். ஒரு தவணையும் தவறவில்லை.

என் இரண்டு பவுன் சங்கிலியை மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பே அடகு வைத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் ஒரு வட்டியை ஒட்டித்தான் வரும். அடகு வைத்தால் கௌரவம் போகும் என்று அம்மா நினைத்தார். நானும் நினைத்தேன். அச்சகத்துக்குப் போன் வந்த அன்று போனதைவிட அதிகக் கௌரவம் அடகுக் கடையில் போயிருக்காது.

கார்டை மூடியதைப் பற்றிச் சுருக்கமாக. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலைநாளில் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். இந்த விதியைக் கடிதத்தில் எழுதியே அனுப்பினேன். ஐந்தாம் நாள் மூடினார்கள். நிலுவை இல்லை என்ற சான்றையும் கேட்டு வாங்கினேன். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையில் கணக்கு "முடிந்தது" என்று வந்திருக்கிறதா என்பதை ஆகஸ்டில் சரிபார்த்தேன். வந்திருந்தது.

இரண்டாவது கார்டு, எங்கள் தெருமுனைப் பொதுத்துறை வங்கிக் கிளையில் வாங்கியது. 20,000 ரூபாய் வைப்புத்தொகை போட்டு, அதன் பேரில் 16,000 வரம்பு. வைப்புத்தொகைக்கு வட்டியும் வருகிறது. ரூபே கார்டு என்பதால் யுபிஐயில் இணைத்துக் காய்கறிக் கடையிலும் ஸ்கேன் செய்யலாம். புள்ளிகள் சொற்பம், செயலி மெதுவானது, பில்லைத் தேடி எடுக்க நான்கு திரை தாண்ட வேண்டும். இவற்றுக்காக ஒரு மதிப்பெண் குறைத்து நான்கு தருகிறேன். வட்டி இதிலும் மூன்று வட்டிக்கு மேல்தான். அதில் இந்தக் கார்டு உத்தமம் இல்லை. ஆனால் வரம்பு என் ஒரு மாதச் சம்பளத்துக்குள் நிற்கிறது. கிளை மேலாளர் 50,000 வரை உயர்த்தித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பில் தேதியையும் மாற்றிக் கேட்டேன், சம்பளம் வந்த மூன்றாம் நாள் தவணைத் தேதி வரும்படி. ஒரு முறையாவது இப்படி மாற்றித் தர வேண்டும் என்பதும் விதிதான்.

தானாகப் பணம் பிடிக்கும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: மொத்தத் தொகை, குறைந்தபட்சத் தொகை. பழக்கத்தில் குமாஸ்தா இரண்டாவதில் டிக் போட்டுவிட்டார். புதுப் படிவம் கேட்டு நானே முதல் கட்டத்தில் போட்டேன்.

போன மாதம் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், வாசலில் யாரோ கொடுத்த கார்டு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மதிய இடைவேளையில் அதனோடு இருந்த ஒரு பக்க விவரத்தாளை மேசையில் விரித்தோம். வட்டி இருந்த வரியைத் தேடிச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தேன். 3.75 என்று இருந்தது. அவள் சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு சிறிது நேரம் அதையே பார்த்தாள்.

"மூன்றே முக்கால் வட்டியா, அக்கா?" என்றாள்.