திரைப்படச் சங்கத்துக்கு ஏற்ற பிளேயர்: வி.எல்.சி.

தியேட்டரில் படம் நின்றுபோனால் பார்த்துக்கொள்ள ஆபரேட்டர் இருப்பார். எங்கள் திரைப்படச் சங்கத்தில், அன்றைக்கு யார் முதலில் வந்து மடிக்கணினியைத் திறக்கிறாரோ அவர்தான் ஆபரேட்டர். ஒரு மாதம் மருந்துக்கடைக்காரர், அடுத்த மாதம் கல்லூரி மாணவி. சம்பளமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு மென்பொருளை மதிப்பிட ஒரே அளவுகோல்தான் உண்டு: கோளாறு வந்தால், அங்கே இருக்கும் யாராக இருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியுமா? வீட்டில் தனியாகப் படம் பார்ப்பவருக்கு இதைவிட அழகான பிளேயர்கள் இருக்கலாம். சங்கத் திரையிடலுக்கு, கணினியில் வீடியோ ஓட்டும் இலவச மென்பொருளான வி.எல்.சி.யைத்தான் நான் சொல்வேன்.

எங்கள் அரங்கில் அடிக்கடி தலைகாட்டும் தொல்லை, படம் ஓடும், சத்தம் வராது என்பது. மடிக்கணினியையும் புரொஜெக்டரையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தோடு ஒலியையும் சுமந்து செல்லும். அதைச் செருகியதும் கணினி தானாகவே ஒலியைப் புரொஜெக்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். அரங்கின் ஆம்ப்ளிஃபயரோ மடிக்கணினியின் ஹெட்போன் துளையில் செருகப்பட்டு ஒன்றும் கிடைக்காமல் நிற்கும். வி.எல்.சி.யில் 'ஆடியோ' பட்டியலைத் திறந்து 'ஆடியோ டிவைஸ்' என்பதில் மடிக்கணினியின் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும். படத்தை நிறுத்தவும் வேண்டாம், கேபிளைப் பிடுங்கவும் வேண்டாம்.

ஒலி மெலிவாக இருந்தால் பலர் வி.எல்.சி.யின் ஒலியளவை நூறு சதவீதத்துக்கு மேலே தள்ளிவிடுகிறார்கள். அதை மென்பொருள் அனுமதிக்கிறது, ஆனால் உரத்த இடங்களில் ஒலி கிழியும். நூறிலேயே வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் ஏற்றுங்கள். இசை காதைப் பிளக்க, வசனம் மட்டும் முணுமுணுப்பாகக் கேட்கும் படங்களுக்கு, கன்ட்ரோல்-ஈ அழுத்தினால் வரும் சாளரத்தில், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் 'கம்ப்ரஸர்' இருக்கிறது. பின்வரிசையில் உட்காரும் வயதான உறுப்பினர்களுக்கு அது பேருதவி.

இனி சப்டைட்டில். எங்கள் உறுப்பினர்கள் பிறமொழிப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறார்கள். ஆங்கிலம் படிக்கத் தடுமாறும் ஒருவர் ஈரானியப் படத்தைப் பார்த்துக் கண் கலங்குவதற்கு அந்த வரிகள்தான் காரணம். இந்த வேலையை நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன். அதனாலேயே திரையில் தமிழ் உடைந்து வந்தால் எனக்குப் பொறுக்காது.

எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் கேள்விக்குறிகள் வந்தால், கோப்பைச் சேமித்தபோதே தமிழ் அழிந்துவிட்டது என்று பொருள். நோட்பேடில், தமிழுக்கு இடமில்லாத பழைய எழுத்து முறையான 'ஏ.என்.எஸ்.ஐ.' என்று சேமித்தால் அப்படித்தான் ஆகும். அந்தக் கோப்பை எந்த பிளேயராலும் மீட்க முடியாது, எழுதியவரிடம் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கி, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். கேள்விக்குறிகள் இல்லாமல் விசித்திரமான லத்தீன் எழுத்துகள் வந்தால் கவலை வேண்டாம், கோப்பு நலமாகவே இருக்கிறது. அமைப்புகளில் சப்டைட்டில் பகுதிக்குப் போய், எழுத்துக் குறியாக்கத்தை யூ.டி.எஃப்-8 ஆக மாற்றுங்கள். அங்கேயே எழுத்துருவாக, விண்டோஸோடு வரும் 'நிர்மலா'வைத் தேர்ந்தெடுத்து, பின்வரிசைக்கும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிவிடுங்கள். 2018-இல் வந்த 3.0 பதிப்பில், இந்திய எழுத்துகளை முறையாகக் கோத்துக் காட்டும் 'ஹார்ஃப்பஸ்' என்ற நிரலைச் சேர்த்தார்கள். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டுமானால் அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

வசனம் பேசப்படும் முன்பே வரி வந்துவிட்டால் எச் விசை, பிந்தி வந்தால் ஜி விசை. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 50 மில்லி நொடி நகரும். பார்வையாளர்களுக்குத் தெரியாமலே சரிசெய்துவிடலாம். உதட்டசைவும் ஒலியும் பொருந்தாவிட்டால் இதே வேலையை ஜேயும் கேயும் செய்யும். எங்கள் மடிக்கணினியின் மூடியில் இந்த நான்கு விசைகளையும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். இடைவேளை வரை யாரையும் தொலைபேசியில் அழைக்கத் தேவையில்லாமல் போனது அதனால்தான்.

ஒரு வகைப் பிழைக்கு மட்டும் இந்த விசைகள் உதவாது. தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகும் சப்டைட்டில் அது. நொடிக்கு 24 பிரேமில் (தனித்தனிப் படங்களில்) எடுத்த படத்தை, 'பால்' (PAL) எனும் தொலைக்காட்சி முறைக்கான டிவிடிக்கு மாற்றும்போது 25 பிரேமில் ஓட்டுவார்கள். இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். ஒன்றுக்காக எழுதிய சப்டைட்டிலை மற்றொன்றில் போட்டால் விலகத்தானே செய்யும்? வி.எல்.சி.யில் இதற்கும் ஓர் அமைப்பு உண்டு என்றாலும் புதியவர்களைக் குழப்பும். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் முந்தைய நாளே பிரேம் வேகத்தை மாற்றிச் சேமித்துவிடுவது நல்லது.

குறைகளும் உண்டு. கடையில் வாங்கும் புளூரே வட்டுகள் நகலெடுக்க முடியாதபடி பூட்டப்பட்டவை, நிறுவிய நிலையிலேயே வி.எல்.சி. அவற்றை ஓட்டாது. தனி புளூரே கருவி வேண்டும். மேம்பட்ட அமைப்புகளுக்குள் நுழைந்தால் ஒரு காடு. ஆர்வக்கோளாறில் யாராவது எதையாவது மாற்றிவிட்டுப் போவது எந்தச் சங்கத்திலும் நடப்பதுதான். ஆனால் அதே சாளரத்தின் அடியில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொத்தான் ஒன்று இருக்கிறது. பலர் கையாளும் கணினிக்கு இந்த ஒரு பொத்தானே பெரிய வரம். அழுத்திய பிறகு குறியாக்கத்தையும் எழுத்துருவையும் மறுபடி அமைக்க மறக்காதீர்கள்.

வி.எல்.சி.யைச் செய்தவர்களும் தன்னார்வலர்களே. 1996-இல் பிரான்ஸின் எகோல் சென்ட்ரால் பாரிஸ் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தங்கள் வளாக வலையமைப்பில் வீடியோ அனுப்புவதற்காகத் தொடங்கிய திட்டம் இது. 2001-இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். இன்று வீடியோலேன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. விலையும் இல்லை, விளம்பரமும் இல்லை. எங்கள் சந்தாப் பணத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு நன்கொடையாக அனுப்ப வேண்டும் என்று பொதுக்குழுவில் கேட்டிருக்கிறேன்.

2022-இல் வீடியோலேன் இணையதளம் இந்தியாவில் பல மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது, நவம்பரில்தான் தடை நீங்கியது. ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. புதுக் கணினி வாங்கியவர்கள்தான் அலைந்தார்கள். எனவே அதிகாரபூர்வ தளத்திலிருந்தே நிறுவல் கோப்பை இறக்கி, சப்டைட்டில் எடிட்டோடு சேர்த்து ஒரு பென் டிரைவில் வைத்துப் புரொஜெக்டர் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். செயலாளர் வீட்டு அலமாரியில் இருந்தால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது.